லெப்டொப்பில் ஓட்டை ஒன்று, ஸ்பீக்கர் செட்டில் வயர் மூன்று: 5.1 ஒலியை வெளியே எடுப்பது எப்படி?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த கேள்வி இது: "வீட்டில் 5.1 ஸ்பீக்கர் செட் இருக்கிறது. அதிலிருந்து பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று வயர் வருகின்றன. லெப்டொப்பில் ஹெட்போன் ஓட்டை ஒன்றுதான். பச்சையைக் குத்தினால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும்தான் பாடுகின்றன. வெளியே மாட்டுகிற சவுண்ட் கார்ட் வாங்கினால் எல்லாம் பாடுமா? எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?"

பாடும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் சவுண்ட் கார்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஸ்பீக்கர் செட்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். எந்தக் கார்ட் வேண்டும், கார்டே வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. காசை வீணாக்கியவர்களில் பெரும்பாலோர் பெட்டியில் அச்சடித்த "7.1" என்ற எண்ணைப் பார்த்துக் கார்டை முதலில் வாங்கியவர்கள்.

முதலில் ஏன் ஒரே ஓட்டையில் முடியாது என்று பார்ப்போம். லெப்டொப்பின் 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் நான்கு தொடுபுள்ளிகள் உண்டு: இடது, வலது, பொது எர்த், மைக். ஒலி வெளியே வருவது இரண்டு புள்ளிகளில் மட்டும். 5.1 என்பது ஆறு தனித்தனிச் சேனல்கள்: முன் இடது, முன் வலது, நடு, சப்வூஃபர், பின் இடது, பின் வலது. ஒரு ப்ளக்கில் இரண்டு சேனல் போகும் என்றால் ஆறுக்கு மூன்று ப்ளக் வேண்டும். உங்கள் மூன்று வயரின் கணக்கு அதுதான். பச்சை முன் இரண்டு, கறுப்பு பின் இரண்டு, செம்மஞ்சள் நடுவும் சப்வூஃபரும். பழைய லெப்டொப் சிலவற்றில் இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். அவற்றில் சிலவற்றின் ரியல்டெக் டிரைவர் மைக் ஓட்டையையும் லைன் ஓட்டையையும் வெளியீடாக மாற்றித் தரும். உங்களுடையதில் ஒன்றுதான் என்பதால் அந்த வழி அடைபட்டது.

டவுனில் சிலர் "ஒன்றை மூன்றாக்கும் ஸ்ப்ளிட்டர் போடுங்கள்" என்பார்கள். போட்டால் எல்லா ஸ்பீக்கரும் பாடும், உண்மை. ஆனால் பின்னால் வருவது முன்னால் வருவதன் நகல். செம்மஞ்சள் ப்ளக்கில் நடக்கும் கூத்து இன்னும் மோசம்: அதன் நுனி நடு ஸ்பீக்கருக்கும் அடுத்த வளையம் சப்வூஃபருக்கும் போவதால், நடு ஸ்பீக்கர் இடது சேனலையும் சப்வூஃபர் வலது சேனலையும் பாடிக்கொண்டிருக்கும். கலியாண வீட்டில் பாட்டுப் போட அது போதும். படம் பார்க்க உதவாது.

இனி முதுகுப் பக்கம். அங்கே மூன்று 3.5 மில்லிமீட்டர் ப்ளக் அல்லது ஆறு ஆர்.சி.ஏ. ஓட்டைகள் (டி.வி.டி. பிளேயரின் பின்னால் இருக்கும் வட்ட ஓட்டைகள் போன்றவை) இருந்தால் அது அனலொக் உள்ளீடு. சதுரமான சின்னக் கதவோடு, உள்ளே சிவப்பு வெளிச்சத்துக்கான ஓட்டை இருந்தால் ஒப்டிகல். எச்.டி.எம்.ஐ. இருந்தால் அது ஏ.வி. ரிசீவர் வகை. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

எச்.டி.எம்.ஐ. இருந்தால் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. லெப்டொப்பின் எச்.டி.எம்.ஐ. ஓட்டை படத்தோடு எட்டு சேனல் வரை சுருக்காத ஒலியையும் அனுப்பும். லெப்டொப்பிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள், ரிசீவரிலிருந்து டி.வி.க்கு இன்னொன்று, அவ்வளவுதான். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் விற்க வந்தது சவுண்ட் கார்ட்.

ஒப்டிகல் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது: "டிஜிட்டல்தானே, எல்லாவற்றையும் கொண்டுபோகும்" என்று. போகாது. அந்த இணைப்பு சுருக்காத ஒலியென்றால் இரண்டு சேனலை மட்டும் தாங்கும். ஆறு சேனல் போக வேண்டுமென்றால் அது டொல்பி டிஜிட்டலாகவோ டி.டி.எஸ். ஆகவோ சுருக்கப்பட்டிருக்க வேண்டும். டி.வி.டி.யில் டொல்பி டிஜிட்டலின் உச்சம் வினாடிக்கு 448 கிலோபிட் மட்டுமே, அதனால்தான் அது இடுக்கில் நுழைகிறது. ஆகவே டொல்பி ஒலித்தடம் உள்ள படம் அப்படியே போய்ச் சேரும், ஸ்பீக்கர் செட்டே அதைப் பிரித்துக்கொள்ளும். கணினி விளையாட்டில் உருவாகிற ஒலி சுருக்கப்படாதது என்பதால் இரண்டு சேனலாகத்தான் போகும். அதையும் ஆறாக அனுப்ப, கார்டில் டொல்பி டிஜிட்டல் லைவ் அல்லது டி.டி.எஸ். கனெக்ட் என்ற உடனடிச் சுருக்க வசதி இருக்க வேண்டும். லொஜிடெக் இசட்906 போன்ற செட்டுகளில் ஒப்டிகலும் உண்டு, ஆறு சேனல் அனலொக்கும் உண்டு. படம் மட்டும் பார்ப்பவர் ஒப்டிகலை எடுக்கலாம், விளையாடுபவர் அனலொக்கை எடுப்பது நல்லது. புளூடூத் இந்தக் கணக்கிலேயே வராது. ஸ்பீக்கருக்குப் போகும் வழக்கமான புளூடூத் ஒலி ஸ்டீரியோ மட்டும்தான்.

உங்களிடம் மூன்று வயர். ஆகவே அனலொக், ஆகவே உண்மையான பல சேனல் யூ.எஸ்.பி. கார்ட். இங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். பென் டிரைவ் அளவில், பச்சையும் இளஞ்சிவப்புமாக இரண்டே ஓட்டையோடு, மேலே "7.1 சனல்" என்று அச்சடித்த குச்சி ஒன்று எல்லாக் கடையிலும் தொங்கும். அதிலிருந்து வருவது இரண்டு சேனல். ஹெட்போனுக்குள் சுற்றொலி போலப் பாவனை காட்டும் மென்பொருள் வேலையைத்தான் அந்த எண் குறிக்கிறது. விதி எளிது: ஒலி வெளியே வரும் ஓட்டைகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 5.1க்கு மைக், லைன் உள்ளீடு நீங்கலாக மூன்று வெளியீட்டு ஓட்டை இருக்க வேண்டும். 7.1க்கு நான்கு.

குறைந்த விலையில் உண்மையாகவே ஆறு, எட்டு சேனல் தருவது சி-மீடியா சிஎம்6206 சிப் உள்ள பெட்டிகள். பல பெயர்களில் வரும், பெயரே இல்லாமலும் வரும். உள்ளங்கை அகலப் பெட்டி, பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள், பெரும்பாலும் ஒப்டிகல் ஒன்றும் இருக்கும். இது 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில்தான் பாடும். காரணம் கஞ்சத்தனம் மட்டும் அல்ல. இந்தச் சிப் பேசுவது வினாடிக்கு 12 மெகாபிட் போகும் பழைய யூ.எஸ்.பி. வேகம். எட்டு சேனல் × 16 பிட் × 48,000 என்றால் சுமார் 6.1 மெகாபிட், இடம் இருக்கிறது. அதையே 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் ஆக்கினால் 18.4 மெகாபிட், பாதை போதாது. படங்களின் ஒலித்தடம் பெரும்பாலும் 48 கிலோஹேர்ட்ஸில்தான் இருப்பதால் இந்த எல்லை படம் பார்ப்பவரைக் கடிக்காது. கடிப்பது வேறு: மலிவுப் பெட்டிகளில் மெல்லிய "ஸ்ஸ்" இரைச்சல் இருக்கும். இரவில் தோட்டம் அடங்கிய பிறகு கேட்கும்.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் கிரியேட்டிவ் சவுண்ட் பிளாஸ்டர் வரிசையில் எக்ஸ்-ஃபை சரவுண்ட் 5.1 ப்ரோ, ஒம்னி சரவுண்ட் 5.1, ஏசஸ் சோனார் யு5, யு7 ஆகியவை பழைய மொடல்கள் என்றாலும் பாவித்த சாமானாகக் கிடைத்தால் எடுக்கலாம். புதிதாக என்றால் சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ்4. இரைச்சல் குறைவு, சப்வூஃபருக்கு பேஸைப் பிரித்து அனுப்பும் வசதி டிரைவரிலேயே வரும் என்பன இவற்றின் லாபம். அதே கிரியேட்டிவ் வரிசையில் ஹெட்போன் விளையாட்டுக்காரருக்கான பெட்டிகளும் உண்டு. விலை கூட, ஆனால் அனலொக் ஓட்டை மூன்று இருக்காது. விலையை நம்பாதீர்கள், ஓட்டையை எண்ணுங்கள்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைக் கடைகளில் குச்சி வகைதான் கைவசம் இருக்கும். பெட்டி வகைக்குக் கண்டிக்கோ, கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ சொல்லிவிட வேண்டியிருக்கும். ஆளை அனுப்பி வாங்குவதானால், பெட்டியின் ஓட்டைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பாவித்த சாமானென்றால் எல்லா வெளியீட்டையும் ஹெட்போன் குத்திக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஓட்டையில் ஒரு பக்கம் மட்டும் செத்திருப்பது சாதாரணமாக நடப்பது.

மாட்டும் முறைக்கு வருவோம். எல்லாவற்றையும் அணைத்து, ஸ்பீக்கர் செட்டின் ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு வயர்களைக் குத்துங்கள். எதற்காக என்று எர்த் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். பச்சை பச்சைக்கு, கறுப்பு கறுப்புக்கு, செம்மஞ்சள் செம்மஞ்சளுக்கு. கார்டில் சாம்பல் நிற ஓட்டை இருந்தால் அது 7.1இன் பக்கவாட்டு ஸ்பீக்கருக்கானது, சும்மா விடுங்கள். நிறமே இல்லாத பெட்டியில் அருகிலுள்ள எழுத்தைப் படியுங்கள்.

உங்கள் செட் ஆறு ஆர்.சி.ஏ. ஓட்டை வகையாக இருந்திருந்தால் 3.5 மில்லிமீட்டரிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. ஆகப் பிரியும் கேபிள் மூன்று வேண்டும். நிற வழக்கம்: முன் இடது வெள்ளை, முன் வலது சிவப்பு, நடு பச்சை, சப்வூஃபர் ஊதா, பின் இடது நீலம், பின் வலது சாம்பல். மலிவு செட்டுகள் இந்த நிறங்களை மதிப்பதில்லை, ஆகவே எழுத்தையே நம்புங்கள். அந்த வகை செட்டில் உள்ளீட்டைத் தெரிவுசெய்யும் பட்டன் ஒன்று இருக்கும். அது ஏ.யு.எக்ஸ். நிலையில் கிடந்தால் ஆறு வயரைக் குத்தினாலும் இரண்டுதான் கேட்கும்; 5.1 அல்லது டி.வி.டி. நிலைக்கு மாற்ற வேண்டும். "கார்ட் பழுது" என்று கடைக்குத் திரும்பிப் போன பல கார்டுகளின் பழுது இந்தப் பட்டன்தான்.

யூ.எஸ்.பி. வயரை லெப்டொப்பிலேயே நேராகக் குத்துங்கள். மின்சாரம் இல்லாத ஹப் வேண்டாம்: யூ.எஸ்.பி. 2 ஓட்டை தருவது மொத்தம் 500 மில்லிஆம்பியர். மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதையே பங்குபோட்டால் ஒலி வெட்டி வெட்டி வரும். வயர் நீளம் தேவையென்றால் ஸ்பீக்கர் பக்கம் நீட்டுங்கள், யூ.எஸ்.பி. பக்கம் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. டைப்-சி ஓட்டை மட்டும் உள்ள லெப்டொப் என்றால் சாதாரண டைப்-சி யூ.எஸ்.பி. மாற்றி போதும்.

சிஎம்6206 பெட்டிக்கு விண்டோஸின் சொந்த டிரைவரே வேலை செய்யும். கிரியேட்டிவ், ஏசஸ் கார்டுகளுக்கு அவர்களுடைய இணையத்தளத்து டிரைவரைப் போடுங்கள். இல்லாவிட்டாலும் பாடும், ஆனால் பேஸ் பிரிப்பு போன்ற வசதிகள் வராது. பிறகு கீழே மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து ஒலி அமைப்புகளுக்குள் போய், "மேலும் ஒலி அமைப்புகள்" என்பதைத் திறந்தால் பழைய சின்ன ஜன்னல் வரும். பிளேபேக் பக்கத்தில் யூ.எஸ்.பி. கார்டைத் தெரிந்து, கொன்ஃபிகர் பட்டனை அழுத்தி, 5.1 சரவுண்டைத் தெரிவுசெய்து டெஸ்ட் போடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி வரும். அடுத்த திரையில் "முழு வீச்சு ஸ்பீக்கர்கள்" என்று கேட்கும். உங்கள் செட்டில் இருப்பவை கையளவுச் சின்னப் பெட்டிகள் என்றால் அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கடைசியாக அதே கார்டை டிஃபோல்ட் ஆக்குங்கள். திறந்து கிடக்கும் பிளேயரை மூடித் திறக்க வேண்டும், பாதியில் மாற்றியதை அது கவனிக்காது.

டெஸ்ட்டில் நடு ஸ்பீக்கரைத் தொட்டால் சப்வூஃபர் உறுமுகிறதா? சில செட்டுகளில் செம்மஞ்சள் ப்ளக்கின் நுனியும் வளையமும் மாறித்தான் கம்பி போடப்பட்டிருக்கும். டிரைவரில் நடுவையும் சப்வூஃபரையும் மாற்றும் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். ஆர்.சி.ஏ. என்றால் இரண்டு ப்ளக்கையும் இடம் மாற்றினால் முடிந்தது. உங்களுடையதுபோல ஒட்டிய வயரென்றால் ஒரு சின்ன மாற்று வயர் செய்விக்கலாம், டி.வி. திருத்துகிறவருக்குப் பத்து நிமிட வேலை.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகு வரும் முதல் முறைப்பாடு: "படத்தில் சப்வூஃபர் இடிக்கிறது, பாட்டில் சத்தமே இல்லை." கார்ட் பழுதில்லை. பாட்டு ஸ்டீரியோ, அதில் சப்வூஃபருக்கென்று தனிச் சேனல் கிடையாது. ஏ.யு.எக்ஸ். நிலையில் செட் தானே இரண்டு சேனலிலிருந்து பேஸைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும். 5.1 நிலையில் பல உள்ளூர்ச் செட்டுகள் அந்த வேலையைக் கைவிட்டு, சப்வூஃபர் வயரில் வருவதை மட்டும் பாடும். டிரைவரில் பேஸ் திருப்பும் வசதி இருந்தால் 100 ஹேர்ட்ஸ் அளவில் போடுங்கள். இல்லையென்றால் பாட்டுக்கு ஏ.யு.எக்ஸ்., படத்துக்கு 5.1 என்று பட்டனை மாற்றுவதுதான் வழி. பாட்டின்போது பின் ஸ்பீக்கர்கள் அமைதியாக இருப்பதும் இதே காரணத்தால். டிரைவரில் ஸ்பீக்கர் ஃபில் என்று ஒன்று இருந்தால் அது முன் ஒலியைப் பின்னாலும் நிரப்பும். தனிப்பட்ட அபிப்பிராயம்: பழைய பாட்டுக்கு அதைப் போடாமல் இருப்பதே அழகு.

இன்னொன்று. கார்டை இன்று ஒரு யூ.எஸ்.பி. ஓட்டையிலும் நாளை இன்னொன்றிலும் குத்தினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக நினைத்து மறுபடி ஸ்டீரியோவில் வைத்துவிடும். ஒரே ஓட்டையைப் பழக்கமாக்கி, ஓரமாக ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். அதேபோல எச்.டி.எம்.ஐ.யில் டி.வி. மாட்டியவுடன் ஒலி டி.வி.க்கு ஓடிவிடும், டிஃபோல்ட்டைத் திரும்பக் கார்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கார்ட் சரி, வயர் சரி, டெஸ்ட் ஆறும் சரி, ஆனால் படம் போட்டால் பின்னால் ஒன்றுமில்லை என்றால் குறை படக் கோப்பில். வி.எல்.சி.யில் படம் ஓடும்போது கருவிகள் பட்டியலில் கோடெக் தகவலைத் திறந்து ஒலித்தடத்தின் சேனல் வரியைப் பாருங்கள். "3எஃப்2ஆர்/எல்.எஃப்.இ." என்றிருந்தால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப்வூஃபர், அதாவது உண்மையான 5.1. "ஸ்டீரியோ" என்றிருந்தால் எந்தக் கார்டாலும் அதில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. சின்ன அளவுக்குச் சுருக்கிய படங்களில் முதலில் பலியாவது ஒலித்தடம்தான். உலாவியில் யூடியூப் பார்த்தாலும் பெரும்பாலும் இரண்டு சேனலே. அசல் டி.வி.டி., புளூ-ரே ஆகியவற்றில் பெட்டியின் பின்பக்கமே 5.1 என்று போட்டிருக்கும். வி.எல்.சி. தன் டிகோடரைத் தானே வைத்திருப்பதால் விண்டோஸில் டொல்பி டிகோடர் இல்லாவிட்டாலும் ஓடும். அதன் ஒலி அமைப்பில் எஸ்.பி.டி.ஐ.எஃப். பாஸ்த்ரூ என்றொரு தெரிவு இருக்கிறது, சுருக்கிய ஒலியைப் பிரிக்காமல் அப்படியே செட்டுக்கு அனுப்புவது அது: உங்களைப் போல மூன்று வயர்க்காரர் அதை அணைத்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக ஊமையாகும். ஒப்டிகல் வைத்திருப்பவர் அதைப் போட வேண்டும்; அப்போது லெப்டொப்பில் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியாது, செட்டின் ரிமோட்டில்தான். அவர்களுக்கு விண்டோஸ் கொன்ஃபிகர் பட்டனில் 5.1 வராததும் இயல்பு.

லினக்ஸ் பாவிப்பவர் பவுகன்ட்ரோலில் சாதனத்தின் ப்ரொஃபைலை "அனலொக் சரவுண்ட் 5.1" ஆக்கினால் போதும், சத்தமில்லையென்றால் அல்சாமிக்சரில் ஏதாவது சேனல் ஊமையாக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். மெக்கில் ஒடியோ மிடி செட்டப்பில் ஸ்பீக்கர் அமைப்பைத் தெரிவுசெய்வது.

இனி மலையகத்து வீடுகளில் அதிகம் தலைவலி தரும் விஷயம்: உறுமல். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று அடியிலிருந்து வருவது 50 ஹேர்ட்ஸ் கரண்டின் உறுமல். "கீ... கிர்ர்" என்று மவுஸ் அசைவுக்கேற்ப மாறுவது லெப்டொப்பின் உள் இரைச்சல். எது எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் லெப்டொப் சார்ஜர். பெற்றரியில் ஓடும்போது உறுமல் போய்விட்டால் குற்றவாளி சார்ஜரின் எர்த் வழி. போகவில்லையென்றால் டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. வயரையும் டிஷ் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். எல்லாம் கழற்றிய பிறகும் உறுமினால் அது செட்டின் சொந்தக் குரல், அதனுள்ளே கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம்.

பழைய லயங்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் உருண்டை முனை ப்ளக் பொயின்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. சிலவற்றில் எர்த் ஓட்டை இருக்கும், அதன் பின்னால் எர்த் வயர் இருக்காது. மூன்று முனைச் சார்ஜரை இரண்டு முனை அடப்டரில் குத்தினாலும் அதே நிலைமை. அப்போது சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக லெப்டொப் உடல் பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓட்டம் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது, உலோக மூடியில் கை பட்டால் சிலிர்க்கும். ஆனால் செட் ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ளக்கைக் குத்தினால் அந்த மின்னழுத்தம் முதலில் தொடுவது ப்ளக்கின் நுனியை. செட்டின் உள்ளீட்டுச் சிப் சாவது இப்படித்தான். கழற்றிவைத்துக் குத்துங்கள் என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இது. தீர்வு, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு சரியான எர்த் போட்டு, ட்ரிப் சுவிட்ச்சும் வேலை செய்கிறதா என்று பார்த்து, லெப்டொப்பையும் செட்டையும் டி.வி.யையும் ஒரே மல்டி ப்ளக்கில் குத்துவது. உறுமலை நிறுத்த எர்த் முனையை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், உறுமல் நிற்கும், பழுது வரும் நாளில் எர்த் வேலையை உங்கள் உடம்பு பார்க்கும்.

எர்த் சரியாக இருந்தும் உறுமினால் அது எர்த் சுற்று, அதாவது கருவிகளின் எர்த்துகள் வயர்கள் வழியாக ஒரு வளையமாகச் சேர்ந்திருப்பது. கடைகளில் விற்கும் சின்ன ட்ரான்ஸ்போர்மர் ஐசோலேட்டர் ஒரு வயருக்கு ஒன்று. மூன்று வயருக்கும் மூன்று போட வேண்டும். ஒன்றை விட்டாலும் சுற்று அறுபடாது. மலிவு ஐசோலேட்டர் அடி பேஸைத் தின்னும், செம்மஞ்சள் வயரில் அது நன்றாகத் தெரியும். சிஎம்6206 பெட்டிக்கு இதைவிட நல்ல வழி உண்டு: லெப்டொப்புக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு யூ.எஸ்.பி. ஐசோலேட்டர். மலிவானவை 12 மெகாபிட் வேகத்தை மட்டும் கடத்தும் என்பது குறையாகச் சொல்லப்படும். நம்முடைய கார்டும் அதே வேகம் என்பதால் கச்சிதமாகப் பொருந்தும். அப்படிப் பலவற்றிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது 200 மில்லிஆம்பியர் அளவுதான் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமான யு7, எக்ஸ்4 போன்றவற்றுக்கு இந்த மலிவு வகை சரிவராது.

அறைக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் 5.1 வைக்க முடியுமா என்றால் முடியும், கொஞ்சம் கணக்கோடு. டி.வி. பத்தடிச் சுவரில் இருக்கட்டும். முன் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடையே 6 அடி, உங்கள் தலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அதே 6 அடி; அப்போது இரண்டும் நடுவிலிருந்து 30 பாகையில் நிற்கும். பின் ஸ்பீக்கர்கள் தலைக்கு நேர் பின்னால் அல்ல, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி 110 பாகை அளவில், காதுக்கு ஓரிரண்டடி மேலே. கட்டில் பின்சுவரோடு ஒட்டியிருக்கும் வீடுகளில் ஸ்பீக்கரைத் தலைமாட்டுச் சுவரில் அடித்தால் ஒன்று காதுக்குள் கத்தும், மற்றது கேட்காது. பக்கச் சுவரில் அடியுங்கள். இந்தச் செட்டுகளில் தூரத்துக்கேற்பத் தாமதம் வைக்கும் வசதி இருக்காது, பின் ஒலியின் அளவைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம்.

பன்னிரண்டடி நீளம் 47 ஹேர்ட்ஸுக்கும் பத்தடி அகலம் 56 ஹேர்ட்ஸுக்கும் சொந்த ஊர் போல. அந்த இரண்டு சுரத்திலும் பேஸ் சுவரோரம் குமுறும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். அதனால் அறையின் நடுவான 6 அடியில் உட்காராமல் முன்சுவரிலிருந்து ஏழு, ஏழரை அடியில் உட்காருங்கள். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், தெளிவு போகும். லயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: பொதுச் சுவரை ஒட்டி வைத்தால் அடுத்த காம்பராக்காரர் படத்தின் வெடிகளை மட்டும் தனியாகக் கேட்பார். இஸ்தோப்புப் பக்கச் சுவருக்கு நகர்த்தி, அடியில் பழைய டயர் டியூப்பை மடித்து வையுங்கள். தகரக் கூரையில் மழை பிடித்துவிட்டால் எந்தக் கார்டும் உதவாது. சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கரைக் கிழிப்பதைவிட மழை விடும்வரை நிறுத்திவைப்பது மேல்.

பின் ஸ்பீக்கருக்கு வயர் நீட்டும்போது மெல்லிய மணி வயர் வேண்டாம். 7 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் போட்டால் போய்வரும் மின்தடை சுமார் 0.33 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போதும். 4 ஓம் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். கோடு போட்ட இழை எப்போதும் ஒரே முனைக்குப் போகட்டும். ஒரு பக்கம் மாறிப்போனால் இரண்டும் பாடும், ஆனால் பேஸ் ஒன்றையொன்று தின்று ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் பனியும் ஈரமும் ப்ளக்குகளில் பாசிபோல ஒரு படலத்தைப் படியவைக்கும். சில மாதத்தில் ப்ளக்கைத் தொட்டால் "கரகர" என்னும். கொன்டாக்ட் கிளீனர் தெளித்துப் பத்துத் தடவை குத்தி எடுத்தால் சரியாகும். சமையல் எண்ணெய், தேங்காயெண்ணெய் பூசினால் தூசி பிடித்து இன்னும் கெடும். செட்டை அடுப்படிச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், விறகுப் புகையும் ஈரமும் சேர்ந்தால் ஸ்பீக்கர் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் நேரத்தில் சுவிட்ச்சை அணைப்பது போதாது. செட்டின் ப்ளக், சார்ஜர், டிஷ் வயர் மூன்றையும் கழற்றுங்கள். டிஷ் வயரை மறந்தால் மின்னல் டி.வி. வழியாக எச்.டி.எம்.ஐ.க்கும் அங்கிருந்து லெப்டொப்புக்கும் வரும். கரண்ட் போய்த் திரும்பும்போது செட்டின் வொலியூம் குறைத்தே இருக்கட்டும். போடும்போது முதலில் லெப்டொப்பும் கார்டும், பிறகு செட். அணைக்கும்போது முதலில் செட்.